செவ்வாலும் கருவண்டும்

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள கென்ட் மாவட்டத்திலே முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, உத்தியோகத்திலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு, பிறந்த மண்ணில் ஆறு மாதமேனும் தங்கிவர வேண்டுமென்ற நெடுநாள் ஆசையோடு சென்ற தை மாதம் கண்டிக்கு வந்து, மகாவலிக்கு அக்கரையில் கன்னொறுவையிலுள்ள தங்கையின் வீட்டில் நான் இறங்கியபோது, என் பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே ஒரு சிறு குறிப்பேடும் இருந்தது. அதன் பக்கங்கள் ஐந்து பத்திகளாகக் கோடிடப்பட்டவை: திகதி, மலர், வாலின் நிறம், மஞ்சட் பட்டைகளின் எண்ணிக்கை, முகத்தின் நீளம். இப்படி ஏட்டை வைத்துக்கொண்டு செடியருகே நிற்பது எனக்கு அந்நிய தேசத்திலே படிந்த வழக்கம். வந்த மூன்றாம் நாள் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குப் போய், பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடியவரும் அவர் பத்தினியாரும் 1901ஆம் ஆண்டிலே நட்ட நாகலிங்க மரத்தின் கீழ் நின்றேன். அடிமரத்திலிருந்தே பூத்துத் தொங்கிய அந்தச் செம்மலர்களுக்குள், பெருவிரலளவு பருத்த ஒரு வண்டு ரீங்காரத்தோடு நுழைந்து முதுகெல்லாம் மகரந்தம் பூசிக்கொண்டு வெளிவந்ததைக் கண்டதும், கை தானாகவே ஏட்டைத் திறந்தது. வால்: கறுப்பு; பட்டை: இல்லை. அதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பதினெட்டுப் பிராயம்வரை அந்த வண்டின் கூடவே வாழ்ந்தவன் நான். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலே, தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் கூரையிலுள்ள காய்ந்த மரச்சட்டங்களில் அது குடைந்த வட்டத் துளைகளிலிருந்து மரத்தூள் உதிர்ந்து எங்கள் பாய்மீது விழும். அப்பாயி விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, புறப்படுமுன் அந்தத் தூளைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் கொழுந்துக் கூடையை எடுப்பாள். 'கருவண்டு' என்ற ஒரே பெயரோடு அதைப் பற்றிய எங்கள் ஞானம் முடிந்துபோயிற்று. ஆயினும் ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு தீவின் வண்டுகளை மட்டும் வாலைப் பார்த்த மாத்திரத்தில் பெயர்சொல்லி அழைக்கும் பயிற்சி எனக்கு எப்படியோ கைவந்திருக்கிறது. அந்த முரண்பாடே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கென்டில் எனக்கு வாய்த்த முதல் வசந்தம் இன்றும் ஞாபகத்தில் நிற்கிறது. மார்ச் மாதத்துக் குளிரில், ஈரச் செங்கற்பாதையிலே, உரோமப் பந்துபோன்ற ஒரு பெரிய தேனீ பறக்கமாட்டாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. செத்துக்கொண்டிருக்கிறதென எண்ணி நான் கடந்துபோக இருந்த சமயத்தில், அடுத்த வீட்டிலிருந்த வயது முதிர்ந்த அம்மையார், ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், ஒரு தேக்கரண்டியில் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து அதன்முன் வைத்தார். அது நீண்ட நாவை நீட்டிக் குடித்தது; பின்னர் சிறகை அசைக்காமலே உடம்பை மட்டும் நடுக்கிக்கொண்டு சிறிது நேரம் இருந்து, திடீரென எழும்பிப் போய்விட்டது. நெஞ்சின் தசைகளை நடுக்கித் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளும் வல்லமை அதற்கு உண்டென்றும், மண்ணுக்கடியில் தனியே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வெளிவந்த இராணி அதுவென்றும், அது பிழைத்தால் கோடையில் ஒரு குடும்பமே பிழைக்குமென்றும் அவர் எனக்கு விளக்கினார். பாஷையும் குளிரும் மனிதரும் ஒருங்கே அந்நியமாயிருந்த அந்த நாட்களில், அத்தேசத்தார் ஒருவர் நின்று நிதானமாக என்னோடு பேசிய முதல் விஷயம் அந்தத் தேனீதான்.

ஆங்கிலேயர் பம்பிள் பீ என்று அழைக்கும் இந்தப் பம்பிள் தேனீக்களில் பிரித்தானியாவில் 24 இனங்கள் வாழ்கின்றன. அவற்றை வர்ணத்தைக் கொண்டு பகுத்தறிவதற்கு அம்மையார் கற்பித்த முறை, ஒரு பாஷையின் இலக்கணத்தைக் கற்பதுபோன்று படிப்படியானது. முதலிலே வாலைப் பார்க்கவேண்டும். அது வெள்ளையா, சிவப்பா, காவியா என்று நிச்சயித்த பின்னரே மஞ்சட் பட்டைகள் எத்தனை, அவை கழுத்திலா முதுகின் கீழோரத்திலா வயிற்றிலா என்று பார்க்கவேண்டும். அதற்கும் பிறகே முகத்தையும் காலையும் பார்க்கவேண்டும். உடல் முழுதும் கரிய பட்டுப்போலிருந்து வால் மட்டும் நெருப்பாய்ச் சிவந்திருப்பது, கற்குவியல்களின் அடியில் கூடு வைக்கும் இனம். அதற்குச் செவ்வால் என்று நானே பெயர் வைத்தேன். இரண்டு மஞ்சட் பட்டைகளும் சந்தன நிற வாலும் உள்ள இராணி, அன்று செங்கற்பாதையில் கண்டதன் இனம், அது சந்தனவால். மூன்று மஞ்சட் பட்டைகளும் வெள்ளை வாலும் நீண்ட முகமும் உடையது தோட்டத்துத் தேனீ. ஆழமான குழல் மலர்களெல்லாம் அதன் ஆதீனம். முதுகு முழுதும் காவியுடுத்து, வாலிலே தனியொரு வெண்மையோ சிவப்போ இல்லாதது, இலையுதிர் காலத்தின் கடைசி மலர்வரை உழைக்கும் காவித்தேனீ. காவி முதுகும் கரிய வயிறும் வெள்ளை வாலும் ஒன்றுசேர்ந்திருந்தால் அது மரப்பொந்துகளில் வசிப்பது. ஐரோப்பாக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்து, 2001ஆம் ஆண்டிலே முதன்முதலாக இங்கிலாந்தில் காணப்பட்டது.

இந்த ஐந்து உருவங்களை மனத்தில் பதித்துக்கொண்டதுமே பண்டிதனாகிவிட்டதாக நான் நினைத்தது எவ்வளவு பெரிய பிழை என்பதைப் பின்வந்த கோடைகள் உணர்த்தின. செவ்வாலின் ஆண், தாயைப்போல் முழுக் கறுப்பாக இராமல் மஞ்சள் முகமும் மஞ்சட் கழுத்தும் கொண்டு வேறோர் இனமாகத் தோற்றுவது. காவித்தேனீ, வெயிலில் நாட்பட நாட்பட வெளுத்து வைக்கோல் நிறமாகிவிடுவது. பிறர் கூட்டிலே புகுந்து முட்டையிடும் குயில் தேனீயோ, தான் வஞ்சிக்கும் இனத்தின் பட்டைகளைப் பெரும்பாலும் தானும் தரித்திருக்கும். சிறகின் கருமையையும், மகரந்தக்கூடை இல்லாத பின்னங்கால்களையும் உற்று நோக்கினால் ஒழிய அதை அறிந்துகொள்ள முடியாது. தேனீயே அல்லாத ஈ ஒன்றுகூட, பறவைகளுக்குப் பயந்து அதே உரோம உடையை அணிந்து திரிகிறது.

பம்பிள் தேனீக்களின் பாதுகாப்புக்காக 2006ஆம் ஆண்டிலே அங்கே ஏற்பட்ட அறக்கட்டளையின் தொண்டர்கள், மார்ச் முதல் அக்டோபர்வரை மாதத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட ஒரே பாதையில் நடந்து, கண்ணிற்பட்ட ஒவ்வொரு தேனீயையும் எண்ணி எழுதுவது வழக்கம். நானும் அப்படி நடந்து, என் முதல் கணக்கில் சந்தனவால் தொழிலாளிகள் இத்தனை, அதை ஒத்த வெள்ளை வால் இனமான வெண்வாலின் தொழிலாளிகள் இத்தனை என்று மிகுந்த நிச்சயத்தோடு பிரித்து எழுதியிருந்தேன். விஷயமறிந்த ஒரு நண்பர் அதைப் பார்த்துவிட்டு, அவ்விரண்டு இனங்களின் தொழிலாளிகளையும் வெறுங் கண்ணால் பிரித்தறிதல் இயலாது, மரபணுவைச் சோதிப்பதே வழி, ஆகையால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதுவதே நேர்மை என்று சொன்னார். வெட்கமாக இருந்தது. ஆனால் வர்ணம் எவ்வளவு தூரம் வழிகாட்டும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை அறிந்து, நின்றுவிட்ட இடத்திலே 'இதற்குமேல் சொல்வதற்கில்லை' என்று எழுதத் துணிவதும் சாஸ்திரத்தின் ஒரு பாகமென்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவ்வளவு பயிற்சியோடும் கண்டிக்கு வந்த எனக்கு, இங்கே அதற்கு வேலை இல்லை என்பது முதலில் ஏமாற்றமாகவே இருந்தது. ஏனெனில் இலங்கைத் தீவிலே பம்பிள் தேனீ ஓர் இனமும் இல்லை. அது குளிர்தேசத்துப் பிராணி. அடர்ந்த உரோமமும் உடலைச் சூடாக்கும் நடுக்கமும் அதற்குக் குளிரை வெல்லும் கருவிகள். இந்தியாவிலே இமயமலைச் சாரல்களில் பல இனங்களாகப் பெருகியிருக்கும் அது, சிக்கிம் பிரதேசத்துப் பெரிய ஏலக்காய்ப் பூக்களுக்கெல்லாம் சேவை செய்கிறது. கிழக்கே மலைத்தொடர்களைப் பற்றிக்கொண்டு ஜாவாத் தீவின் மலைகள்வரையும் போயிருக்கிறது. தெற்கே நீலகிரிக்கும் வரவில்லை, நமது ஹோர்ட்டன் சமவெளிக்கும் வரவில்லை. தமிழிலே அதற்கு வழக்குப் பெயர் இல்லாமைக்கும் காரணம் இதுவே.

இந்த ஏமாற்றம் மூன்றரை நூற்றாண்டுக்கு முன் வேறொருவர் அடைந்த வியப்பின் மறுபக்கமென்பது, தங்கையின் வீட்டு அலமாரியிலிருந்த ரொபர்ட் நொக்ஸின் நூலைப் புரட்டியபோது புலனாயிற்று. 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் கரையில் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறைவாசியாய் வாழ்ந்து, இப்போது நான் இருக்கும் இடத்துக்கு வெகுதூரமல்லாத எலதெத்தக் கிராமத்திலே வீடு கட்டித் தொப்பி பின்னிப் பிழைத்து, 1679இல் தப்பியோடிய அந்த ஆங்கிலேயர், 1681இல் லண்டனில் வெளியிட்ட தம் நூலிலே இந்நாட்டுத் தேனீக்களை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சிங்களப் பெயரையும் கேட்டு எழுதியிருக்கிறார். இங்கிலாந்துத் தேனீயைப் போன்றதே என்று அவர் கருதிய பொந்துத் தேனீ ஒன்று. அதனினும் பெரிதாய், நிறமும் பிரகாசமாயுள்ள பம்பரத் தேனீ இரண்டாவது. ஈயைப்போல் சிறுத்துக் கறுத்த, குருட்டுத் தேனீ என்று பொருள்படும் பெயருள்ள மூன்றாவது, தமிழ்நாட்டார் கொசுத்தேனீ என்கிற கொடுக்கில்லா இனம். அளவும் நிறமும் பெயரும் சேர்த்துச் சொல்லும் இந்த முறை, அம்மையார் எனக்குக் கற்பித்த முறைதான். முதல் வகையில் மட்டும் நொக்ஸ் தவறினார். நம் பொந்துத் தேனீ தோற்றத்தால் இங்கிலாந்துத் தேனீயை ஒத்திருந்தபோதிலும் அது சிறியதான வேறோர் இனம். வேற்று நாட்டிலே வாழ்கிறவன் எதைக் கண்டாலும் தன் ஊர்ப்பொருளின் சாயலை அதில் தேடுவது இயல்பு. நாகலிங்க மரத்தடியில் பம்பிள் தேனீயைத் தேடிய நானும் அதைத்தானே செய்தேன்?

ஆகவே பழைய பத்திகளை அடித்துவிட்டு, கோடில்லாத பக்கத்தில் புதிதாக எழுதத் தொடங்கினேன். கருவண்டைச் சிலர் ஆங்கிலப் புத்தகத்துப் பம்பிள் தேனீ என்றே மயங்குகிறார்கள். ஆனால் பம்பிள் தேனீயின் வயிறு உரோமத்தால் போர்த்திருக்க, கருவண்டின் வயிறோ எண்ணெய் பூசிய கருங்கல்லைப்போல் உரோமமின்றிப் பளபளக்கும். அதன் நிறமும் வெறுங் கறுப்பன்று. காலைச் சூரியன் சாய்வாக விழும்போது அதன் சிறகிலே மயிற்கழுத்தின் பச்சையும் நீலமும் ஊதாவும் ஓடுவதைக் கண்டபோது, இத்தனை வருஷங்களாக அதைக் கறுப்பு என்றே சொல்லிவந்த என் கண்ணின் சோம்பலுக்காக மனம் வருந்திற்று. இதன் குலத்தைச் சேர்ந்த தரங்கம்பாடி வண்டு, சோழமண்டலக் கரையிலுள்ள அவ்வூரின் பெயரையே சாஸ்திரப் பெயரில் தாங்கி, நள்ளிரவிலும் பறந்து தேன் தேடுவது. மேற்குத் தொடர்ச்சி மலையிலே அதன் இராப்பயணத்தை ஆராய்ந்தவர்கள், நிலவில்லாத இருளிலும் அது வழி தவறாமல் கூடு திரும்புவதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

தங்கையின் தோட்டத்திலே கத்தரியும் தக்காளியும் பூத்திருந்தன. அவற்றின் மகரந்தப்பைகள், நுனியிலே சிறு துவாரம் மட்டுமுள்ள உப்புக்குடுவை போன்றவை. யாராவது குலுக்கினாலன்றி மகரந்தம் கொட்டாது. பொந்துத் தேனீ அந்தக் குலுக்கலை அறியாது. ஐரோப்பாவில் கண்ணாடி வீடுகளுக்குள் தக்காளி பயிரிடுவோர் அதற்காகவே 1980களின் இறுதியிலிருந்து பம்பிள் தேனீக் கூடுகளை வாங்கி வைக்கிறார்கள். பம்பிள் தேனீ இல்லாத கண்டியிலே அந்த வேலையை யார் செய்கிறார்களென்று ஒரு காலைப்பொழுது முழுதும் முற்றத்தில் அமர்ந்திருந்து பார்த்தேன். மண்ணிற மென்மயிர் போர்த்த மார்பும், கரிய வயிற்றிலே வளையம் வளையமாக ஒளிரும் நீலப் பட்டைகளும் கொண்ட ஒரு தேனீ, அம்புபோல் வந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பூவைக் கட்டிப்பிடித்துத் தன் உடலைச் சுருதி கூட்டிய தந்திபோல் அதிரவிட்டது; மஞ்சள் மகரந்தம் அதன் வயிற்றின்மேல் பொழிந்தது. நீலப்பட்டைத் தேனீ என்று அதை அழைக்கலாம். பம்பிள் தேனீக்கு மஞ்சள் எப்படியோ, இதற்கு நீலம் அப்படி. மண்சுவரிலும் மேட்டுச் சரிவிலும் துளையிட்டுத் தனித்தனியே குடித்தனம் செய்யும் இது, பழைய லயங்களின் மண்சுவர்களிலும் எங்கள் அயலாராக வாழ்ந்திருக்கவேண்டும்.

அதற்கு நான்காம் நாள் அதே தோட்டத்து வேலியோரத்தில் மற்றொன்றைக் கண்டு, அதுவும் நீலப்பட்டைத் தேனீயே என்று எழுதப் போனேன்; சந்தனவால் விஷயத்தில் பட்ட வெட்கம் கையைத் தடுத்தது. உற்று நோக்கினால், இதன் வயிற்றிலே தொடர்ந்தோடும் பட்டை இல்லை. இருமருங்கும் வரிசையாய் இட்ட நீலப் பொட்டுகள்தாம் இருந்தன. கால்களில் மகரந்தம் சுமக்கும் உரோமத் தூரிகையும் இல்லை. நீலப்பட்டைத் தேனீயின் கூட்டிலே திருட்டாக முட்டையிடும் குயில் தேனீ இதுவே. கென்டிலே உள்ள வஞ்சனை கண்டியிலும் வேறு வர்ணத்திலே நடந்துகொண்டிருந்தது. பட்டைக்கும் பொட்டுக்கும் உள்ள பேதத்தைக் காணக் கண்ணைப் பழக்கியது புகுந்த நாடு. காணவேண்டிய பொருளோ என் சொந்த வேலியிலேயே ஜன்மாந்தரமாக இருந்துவந்திருக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்து விலங்கியலார் இனோகா கருணாரத்ன, ஜயந்தி எதிரிசிங்க முதலியோர் 2006ஆம் ஆண்டிலே திருத்தி வெளியிட்ட பட்டியல்படி, இத்தீவிலே 148 தேனீ இனங்கள் உள்ளன. இந்த அறிவு பாமர மக்களின் நாவிலும் பெயராக இருக்கவேண்டுமென்று நான் வற்புறுத்துவதற்கு வேறு காரணமும் உண்டு. மலைநாட்டுச் செய்திகளிலே 'குளவி கொட்டித் தொழிலாளர் வைத்தியசாலையில்' என்ற தலைப்பு ஓயாமல் வருகிறது. கொழுந்து பறிக்கப் போன பெண்கள் உயிரிழந்த செய்திகளும் உண்டு. அந்தச் செய்திகளிலே குளவி என்ற ஒரே சொல், மெய்யான குளவியையும், மரக்கிளையிலும் பாறையிலும் பெரிய ஒற்றை அடையைத் தொங்கவிடும் பம்பரத் தேனீயையும் பேதமின்றிக் குறிக்கிறது. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கி விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும், உடனே அதைச் சுரண்டி எடுத்தாகவேண்டும். குளவியோ கொடுக்கை விட்டுச்செல்லாமல் ஒன்றே பலமுறை கொட்டும். ஒடுங்கிய இடையும் அழுத்தமான பட்டைகளும் உள்ளது எது, பொன்னிற வயிறும் கரிய நுனியும் உள்ளது எது என்று பிரித்தறியத் தெரிந்த ஒரு கங்காணி, ஒரு தோட்டத்து வைத்திய உதவியாளர், ஒரு பள்ளிப் பிள்ளை, மலையில் ஒருவர் உயிரைக் காக்க முடியும். நம் முன்னோர் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று பல சொற்களை வைத்திருந்தார்கள். நிகண்டுகள் அவற்றை ஒரு பொருள்மேல் வரும் பல சொல்லாகச் சேர்த்துவைத்தன. நாமோ சொற்களையும் மறந்து, அவற்றுக்குரிய உயிர்களைப் பார்ப்பதையும் விட்டுவிட்டோம்.

மேம்போக்காகப் பார்த்துப் பெயர் சூட்டுவதன் துயரத்தை மலையகத்தாராகிய நாங்கள் வேறு வழியிலும் அறிவோம். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலிருந்து எங்களுக்கு 'இந்தியத் தமிழர்' என்று தனியொரு பத்தி. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பத்தியிலிருந்தோரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தப்படி, ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவும் மூன்று லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று இரண்டு அரசுகள் எண்ணிப் பங்கிட்டபோது, என் தாய்மாமன் குடும்பம் நீலகிரிக்குப் போயிற்று. இங்கே இந்தியர் என்று எழுதப்பட்ட மாமாவை, அங்கே தேயிலைக்காட்டில் எல்லாரும் 'கண்டிக்காரர்' என்றே அழைத்தார்கள். கென்டிலே நான் நிரப்பிய படிவங்களிலோ எனக்குரிய கட்டம் 'மற்றைய ஆசியர்' என்பது. பட்டையைப் பார்த்துப் பெயர் சொல்வது எளிது. தேனீயின் விஷயத்தில் பிழைத்தால் ஒரு கணக்கு கெடும். மனிதர் விஷயத்தில் பிழைத்தால் ஒரு குடும்பம் கடலின் இரு கரைகளிலும் சிதறும். சொல்லுமுன் அருகிற்சென்று பார்ப்பதும், தெரியாவிட்டால் தெரியாதென்று எழுதுவதும் இரண்டுக்கும் பொதுவான தர்மமென்று நான் நம்புகிறேன்.

கென்டின் கரையோரத்து டஞ்செனஸ் பகுதியிலே 1988இல் கடைசியாகக் காணப்பட்டு, 2000ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலே அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட ஒரு பம்பிள் தேனீயை, 2012இல் சுவீடனிலிருந்து இராணிகளைக் கொண்டுவந்து மீண்டும் குடியேற்ற முயன்றார்கள். அற்றுப்போனது என்று அவர்கள் திட்டமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அது இருந்த நாளில் அதன் பெயரையும் பட்டையையும் அறிந்து எழுதிவைத்த ஆசிரியரும் பாதிரிமாரும் குடியானவரும் தலைமுறை தலைமுறையாக இருந்தமையே. நம் வேலியிலே இருந்த ஒன்று இல்லாமற்போனால், அதைச் சொல்ல நம்மிலே யார் இருக்கிறார்கள்?

ஆதலால் மலையகத்துப் பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் இது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், மழையில்லாத ஒரு காலையில், பிள்ளைகளைப் பள்ளித் தோட்டத்துக் கத்தரிச் செடியருகே கால்மணி நேரம் அமைதியாக நிறுத்துங்கள். வயிற்றிலே நீலம் பட்டையாக ஓடுகிறதா, பொட்டாக நிற்கிறதா; உடல் உரோமமா, பளபளப்பா; கொட்டிய இடத்தில் கொடுக்கு தங்கியதா, இல்லையா என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாதவற்றுக்குத் தமிழிலே பெயர் வைக்க அவர்களுக்கு உரிமை கொடுங்கள். ஆனி மாதம் நான் கென்டுக்குத் திரும்பும்போது, புதுப் பத்திகள் கோடிட்ட ஏட்டைத் தங்கையின் மகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். அவள் இதுவரை பதினொரு வகைகளைப் பிரித்து எழுதியிருக்கிறாள், அவற்றில் நான்குக்கு நேரே 'தெரியவில்லை' என்று குறித்திருக்கிறாள்.